மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம்: மண் பசுமையானாலும் நீரைக் கண்காணிக்க வேண்டியது ஏன்?

புது தில்லி: சத்தீஸ்கர் மாநிலம் சூரஜ்பூர் மாவட்டத்தில் உள்ள கேனாபாராவில் இன்று சுற்றுலாப் பயணிகள் படகில் செல்லும் ஏரி, ஒரு காலத்தில் பிஷ்ராம்பூர் நிலக்கரிச் சுரங்கத்தின் குழியாக இருந்தது. நிலக்கரி தீர்ந்தபின் அக்குழியில் நீர் நிரம்பியது, சுற்றிலும் மரங்கள் வளர்க்கப்பட்டன, மீன்வளர்ப்பும் தொடங்கப்பட்டது. ஜார்க்கண்டின் ராம்கட் மாவட்டத்திலும் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் மிதவைக் கூண்டுகள் அமைத்து மீன் வளர்க்கப்படுகிறது. வரும் ஆண்டுகளில் மேலும் பல சுரங்கங்கள் மூடப்பட உள்ள நிலையில், இத்தகைய ஏரிகளின் எண்ணிக்கையும் பெருகும்.

ஒரு சுரங்கம் சீரமைக்கப்பட்டது என்பதற்கு முதல் சான்றாகக் காட்டப்படுவது பசுமைப் போர்வை. அதைக் கண்காணிக்க நாட்டில் முறையான ஏற்பாடு உள்ளது. கோல் இந்தியா நிறுவனத்தின் துணை அமைப்பும், ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்டதுமான மத்திய சுரங்கத் திட்டமிடல் மற்றும் வடிவமைப்பு நிறுவனம், பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களை ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராய்கிறது. நிலக்கரியும் அதன் மேலுள்ள மண்ணும் பாறையும் சேர்த்து ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறையும், ஏனையவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இவ்வாறு அளவிடப்படுகின்றன. எவ்வளவு பரப்பில் மரம் நடப்பட்டுள்ளது, எவ்வளவு பரப்பு மண்ணிட்டு நிரப்பப்பட்டுள்ளது என்பன ஹெக்டேர் கணக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் நிரப்பப்பட்ட மண்ணுக்கு அடியில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, அந்த நீரில் என்ன கரைந்திருக்கிறது, அது எந்த ஊர்க் கிணற்றை நோக்கி நகர்கிறது என்பவற்றை எந்தச் செயற்கைக்கோள் படமும் காட்டாது. அதற்குத் தரையில் துளையிட்டு, ஓடையில் தடுப்பு வைத்து, ஆண்டுக்கணக்கில் அளந்தாக வேண்டும்.

பம்ப் நின்ற பிறகு நடப்பது என்ன?

சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் அதிலிருந்து இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் நிலக்கரியை எட்டவே முடியாது. நெய்வேலியை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. அங்கு பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் இருக்கும் ஊற்று நீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கத் தளம் வெடித்து மேலெழாமல் இருக்கும். இவ்வாறு இறைப்பதால் சுற்றுவட்டார நிலத்தடி நீர்மட்டம் சுரங்கத்தை நோக்கிச் சரிகிறது. அருகிலுள்ள கிணறுகள் வற்றுகின்றன. அதே வேளையில், வெளியேற்றப்படும் சுரங்க நீர் பாசனத்துக்கும், சுத்திகரிக்கப்பட்டபின் குடிநீராகவும் பல கிராமங்களுக்கு வழங்கப்படுகிறது. கிணற்றை இழந்த ஊர், சுரங்கத்தின் குழாயை நம்பி வாழப் பழகிவிடுகிறது.

சுரங்கம் மூடப்படும் நாளில் பம்ப் நிற்கிறது. அந்தக் குழாயும் நின்றுபோகலாம். நிலத்துக்கு அடியில் நீர்மட்டம் மெல்ல மேலேறத் தொடங்குகிறது. இதை நீர்மட்ட மீட்சி என்று நிலநீரியல் வல்லுநர்கள் குறிப்பிடுகின்றனர். சில இடங்களில் இது ஓரிரு ஆண்டுகளில் முடியும்; ஒன்றோடொன்று இணைந்த பெரிய நிலத்தடிச் சுரங்கங்களில் பத்து, இருபது ஆண்டுகள்கூட நீடிக்கும்.

நீர் திரும்பி வருவது நல்ல செய்தியாகவே தோன்றும். சிக்கல் என்னவெனில், அது முன்பிருந்த பாறைக்குத் திரும்புவதில்லை. வெட்டி, உடைத்து, மீண்டும் கொட்டப்பட்ட பாறைக் குவியலுக்குள் நுழைகிறது. உடைந்த பாறையின் இடுக்குகள் வழியே நீர் பழைய பாறையைவிட வேகமாக ஓடும். நீர் படும் பரப்பும் பன்மடங்கு அதிகம். சுரங்கம் இயங்கிய காலத்தில் காற்றுப் பட்டிருந்த தாதுக்களின் மீது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த உப்புகள் படிந்திருக்கும். மேலேறும் நீர் அவை அனைத்தையும் கரைத்துக்கொள்கிறது.

இதில் முதன்மையானது பைரைட் எனப்படும் இரும்பு சல்ஃபைடு. நிலக்கரிப் படுகையிலும் அதை ஒட்டிய கரும்பாறையிலும் இது பொன்னிறத் துகள்களாகக் காணப்படும். ஆக்சிஜனும் நீரும் பட்டால் பைரைட் சிதைந்து இரும்பு, சல்ஃபேட், அமிலம் ஆகியவை உருவாகின்றன. நீர் அமிலத்தன்மை அடைந்துவிட்டால் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, இவ்வினையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. அமில நீர் பாறையிலிருந்து மாங்கனீசு, அலுமினியம் போன்ற உலோகங்களையும் கரைத்தெடுக்கிறது.

இந்தியாவில் இப்பிரச்சினை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல இல்லை. ஜரியா, ராணிகஞ்ச், தால்ச்சேர் போன்ற கோண்டுவானா காலப் படுகைகளின் நிலக்கரியில் கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. அசாமின் மாகும், மேகாலயாவின் ஜெயந்தியா மலைப் பகுதிகளின் நிலக்கரியில் அது பல மடங்கு அதிகம். அப்பகுதி ஓடைகளில் அமில நீர் கலப்பது வெளிப்படையாகவே தெரிகிறது. கோண்டுவானா பகுதியிலும் விதிவிலக்குகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் உள்ள கோர்பி சுரங்கக் குழியில் தேங்கிய நீர், கடும் அமிலத்தன்மை கொண்டது என்று அறியப்பட்டதாகும்.

அமிலம் இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று கொள்ள முடியாது. பாறையில் சுண்ணாம்புத் தாதுக்கள் இருந்தால் அவை அமிலத்தைச் சமன்செய்துவிடும். பி.எச். அளவு 7 அல்லது 8 எனக் காட்டும். ஆனால் சல்ஃபேட் நீரிலேயே தங்கும். கால்சியமும் மக்னீசியமும் கூடி நீர் கடினமாகும். சோறு வேகாத, சோப்பு நுரைக்காத நீர் என்று ஊரார் கூறுவது இதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி சல்ஃபேட் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 400 வரை அனுமதிக்கப்படுகிறது. மொத்தக் கடினத்தன்மைக்கு இவ்வரம்புகள் முறையே 200, 600.

நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவுநீருக்கென 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த தர அளவுகளில் முதன்மையாக இடம்பெறுபவை பி.எச்., மிதக்கும் திடப்பொருள், எண்ணெய் மற்றும் பிசுக்கு, நைட்ரேட் நைட்ரஜன் ஆகியவையே. இயங்கும் சுரங்கத்தின் கலங்கல் நீரையும் இயந்திர எண்ணெயையும் வெடிமருந்து எச்சத்தையும் பிடிக்க இவை பொருத்தமானவை. இயந்திரங்கள் அகன்று, வெடிவைப்பு நின்று, கலங்கல் தெளிந்த பிறகு, இதே பட்டியலைக் கொண்டு சோதித்தால் நீர் தேர்ச்சி பெற்றதாகவே முடிவு வரும். மூடிய சுரங்கத்தின் நீர் தன் கதையைச் சொல்வது சல்ஃபேட், இரும்பு, மாங்கனீசு, காரத்தன்மை, மின்கடத்துத்திறன் ஆகியவற்றின் மூலம்தான்.

ஓட்டத்தை அளக்காமல் தரம் புரியாது

நீரின் தரத்தைச் சோதிக்கும் அறிக்கைகள் பலவற்றில் விடுபட்டுப்போகும் ஒரு பத்தி உண்டு: நீர் எவ்வளவு ஓடியது என்பது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண் செறிவை மட்டுமே குறிக்கும். ஆற்றையோ நிலத்தடி நீரையோ சென்றடையும் மொத்தச் சுமையை அறிய, செறிவை ஓட்ட அளவால் பெருக்க வேண்டும்.

சிறு ஓடைகளில் இதற்குப் பயன்படும் கருவி மிக எளியது. ஓடையின் குறுக்கே 90 பாகையில் ‘வி’ வடிவில் வெட்டப்பட்ட ஒரு தகட்டைப் பொருத்தி, வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளவுகோலால் படித்தால் போதும். நீர் 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர் ஓடுகிறது எனக் கொள்ளலாம். உயரம் 20 சென்டிமீட்டரானால் ஓட்டம் இரட்டிப்பாவதில்லை, 24.7 லிட்டராக, அதாவது ஐந்தரை மடங்குக்கும் மேலாக உயர்கிறது.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். கோடையில் ஓடை நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 300 மில்லிகிராம், நீர் உயரம் 10 சென்டிமீட்டர் எனில், நாளொன்றுக்கு ஓடையில் செல்லும் சல்ஃபேட் சுமார் 113 கிலோ. மழைக்காலத்தில் செறிவு பாதியாகக் குறைந்து 150 ஆகவும், நீர் உயரம் 20 சென்டிமீட்டராகவும் மாறினால், சுமை சுமார் 320 கிலோவாகிறது. தர அறிக்கையை மட்டும் படிப்பவர் நிலைமை பாதிக்குப் பாதி மேம்பட்டதாக எண்ணுவார். உண்மையில் சுரங்கத்திலிருந்து வெளியேறுவது ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கும்.

மாதிரி எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. சுரங்க நீர் ஊற்றுக்கண்ணில் கண்ணாடிபோல் தெளிவாக வெளிவரலாம். அதில் கரைந்துள்ள இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி, சில நூறு மீட்டர் தொலைவில் ஓடைப் படுகை முழுவதையும் செம்மஞ்சளாக்கும். அவ்வினையில் அமிலம் வெளிப்பட்டு பி.எச். அளவும் இறங்கும். எனவே பி.எச்., வெப்பநிலை, காரத்தன்மை ஆகியவற்றை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். உலோகங்களுக்கான மாதிரியை வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் சேர்த்துத் தனிப் புட்டியில் அடைக்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆய்வகம் சென்றடைவதற்குள் இரும்பு புட்டியின் அடியில் படிந்துவிடும். முடிவு குறைத்துக் காட்டும்.

கண்காணிப்புக் கிணறுகள் அமையும் இடமும் முடிவைத் தீர்மானிக்கிறது. சுரங்கத்துக்கு மேல்நிலையில் ஒன்று, நிரப்பப்பட்ட மண்ணுக்குள் ஒன்று, கீழ்நிலையில் ஊரை ஒட்டிச் சில என அமைந்தால்தான் ஒப்பிட முடியும். மேல்நிலைக் கிணறு இல்லையெனில், ஊர்க் கிணற்றில் காணப்படும் சல்ஃபேட் சுரங்கத்திலிருந்து வந்ததா, மண்ணின் இயல்பா என்ற வாதம் முடிவின்றி நீளும். சுரங்கம் தொடங்கும் முன் எடுக்கப்பட்ட அடிப்படைத் தரவு இருந்தால் அவ்வாதம் எழவே வாய்ப்பில்லை. பழைய சுரங்கங்கள் பலவற்றுக்கு அத்தகைய தரவு இல்லை என்பதே நடைமுறைச் சிக்கல்.

மே மாதத்தில் மட்டும் போதுமா?

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வழங்கப்படும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் ஒரு நிபந்தனை, நிலத்தடி நீர் அளவை ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிக்கக் கோருகிறது: மழைக்கு முன் மே, மழையின்போது ஆகஸ்ட், மழைக்குப் பின் நவம்பர், குளிர்காலத்தில் ஜனவரி. நீரின் தரத்தையோ மே மாதத்தில் சோதிக்க வேண்டும் என்று அதே நிபந்தனை கூறுகிறது.

மே மாதம் நீர் மிகக் குறைந்திருக்கும் காலம் என்பதால், வழக்கமான மாசுகள் செறிந்து தென்படும் என்ற எண்ணம் இதன் பின்னணியில் இருக்கலாம். ஆனால் சுரங்க மண் குவியலின் இயல்பு வேறு. வறண்ட மாதங்களில் பைரைட் சிதைந்து உண்டாகும் சல்ஃபேட் உப்புகள் வெண்மையாகவும் மஞ்சளாகவும் பாறைமேல் பூத்து, உலர்ந்து கிடக்கும். ஜூன் மாத முதல் கனமழையில்தான் அவை கரைந்து ஒரே வீச்சில் ஓடைக்கும் நிலத்துக்கும் இறங்குகின்றன. ஆண்டின் மிக முக்கியமான சில நாட்கள், நாட்காட்டியில் மாதிரி எடுத்து முடித்த பின்னரே வருகின்றன.

இதற்குத் தீர்வு பெரும் செலவு பிடிப்பதல்ல. நீர்மட்டத்தையும் மின்கடத்துத்திறனையும் மணிக்கு ஒருமுறை தானாகப் பதிவுசெய்யும் கருவிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. கரைந்த உப்பு கூடினால் மின்கடத்துத்திறன் உடனே உயரும். அந்த நாளில் ஆள் அனுப்பி முழு மாதிரி எடுக்கலாம். மூடல் நிகழ்ச்சிகளில் மரக்கன்றுகளுக்குக் கிடைக்கும் இடம் இக்கருவிக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை.

குழியே ஏரியாகும் இடங்களில் மற்றொரு கூறும் சேர்கிறது. ஆழமான ஏரியில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். ஆக்சிஜன் குறைந்த அடியடுக்கில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து சேரும். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகி அடுக்குகள் கலக்கும்போது அடிநீர் மேலே வரும். கூண்டுகளில் உள்ள மீன்கள் மூச்சுத் திணறக்கூடும். படகுத் துறையில் ஒரு குவளை நீரை எடுத்துச் சோதித்தால் இது தெரியாது. பல ஆழங்களில் அளக்க வேண்டும்.

சில குழிகள் அனல்மின் நிலையச் சாம்பலால் நிரப்பப்படுகின்றன. கோர்பி குழியில் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கொட்டும் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. 2021 டிசம்பர் 31-இல் வெளியான சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கையும் சுரங்கக் குழி நிரப்புதலை அனுமதிக்கப்பட்ட பயன்பாடாக ஏற்கிறது. மேலே புதிய மேடுகளை எழுப்பாமல் சாம்பலை அகற்ற இது உதவும். ஆனால் இந்தியச் சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. அமிலத்தைச் சமன்செய்யும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆர்சனிக், போரான் போன்றவை நீரில் கரையக்கூடும். ஆகவே இத்தகைய குழிகளின் சுற்றுப்புறக் கிணறுகளுக்குச் சோதனைப் பட்டியலும் நீள வேண்டும்.

மூன்று ஆண்டுகளா, நாற்பது ஆண்டுகளா?

நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகஸ்டில் சுரங்க மூடல் திட்டத்துக்கான வழிகாட்டுதல்களை முதன்முதலாக வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.1 லட்சம் என்ற கணக்கில் தனி வைப்புக் கணக்கில் பணம் செலுத்த நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. இத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. மூடலுக்குப் பிந்தைய காற்று, நீர்த் தரக் கண்காணிப்புக்கு அதில் குறிப்பிடப்பட்ட காலம் மூன்று ஆண்டுகள். வழிகாட்டுதல்கள் அதன்பின் பலமுறை திருத்தப்பட்டபோதும், இக்காலம் சில ஆண்டுகள் என்ற அளவிலேயே பேசப்படுகிறது.

அறிவியல் காட்டும் கால அளவு வேறு. பிரிட்டிஷ் நிலநீரியல் அறிஞர் பால் யங்கர், அந்நாட்டின் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்து 1997-இல் ஒரு கணிப்பை முன்வைத்தார். பம்ப் நின்றபின் நீர்மட்டம் மீண்டெழ எவ்வளவு காலம் பிடிக்கிறதோ, அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு காலத்துக்கு முதல் கட்டக் கடும் மாசு நீடிக்கும் என்பதே அது. நீர்மட்டம் மீள 10 ஆண்டுகள் ஆனால், மாசு தணிய சுமார் 40 ஆண்டுகள். மூன்றாம் ஆண்டில் கண்காணிப்பை நிறுத்தும் நிறுவனம், நீர் மேலேறி முடிவதற்குள்ளாகவே கருவிகளைக் கழற்றிச் சென்றிருக்கும். ஓடை அப்போது தெளிவாகவே இருந்திருக்கும்.

பிற நாடுகள் இதை வெவ்வேறு வகையில் எதிர்கொள்கின்றன. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம், தாவரங்கள் நடப்பட்டபின் மழை மிகுந்த பகுதிகளில் 5 ஆண்டுகளும் வறண்ட பகுதிகளில் 10 ஆண்டுகளும் நிறுவனத்தின் பிணைத்தொகையைப் பிடித்துவைக்கிறது. பிரிட்டனில் இதற்கென உள்ள அரசு அமைப்பு 80-க்கும் மேற்பட்ட சுரங்க நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்திவருகிறது. ஜெர்மனியில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் ரூர் பகுதியில் நீர் இறைக்கும் பணி நிற்கவில்லை. அதை ‘நித்தியக் கடமை’ என்றே அங்கு பெயரிட்டு, செலவுக்கென ஓர் அறக்கட்டளையையும் நிறுவியுள்ளனர்.

நீர்மட்டத்தை அறியாமல் இருப்பதன் விலை மாசு மட்டுமன்று. தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மேலிருந்த பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததே காரணம். ஜரியா பகுதியின் பாக்டிகி சுரங்கத்தில் 2001 பிப்ரவரியில் 29 பேர் இறந்ததும், பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் நீரால்தான். ஒரு சுரங்கம் மூடப்பட்டு, பக்கத்துச் சுரங்கம் இயங்கும் இடங்களில், கண்காணிப்புக் கிணற்றின் அளவீடு தொழிலாளர் பாதுகாப்புக்கான எச்சரிக்கை மணியுமாகும்.

யார் அளப்பது, யார் பார்ப்பது?

சீரமைக்கப்பட்ட நிலம் மாநில அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபின், கண்காணிப்புக் கிணறுகளைப் பராமரிப்பது யார் என்ற கேள்வி எழுகிறது. பயன்படுத்தப்படாத குழாய்க் கிணறு சில ஆண்டுகளில் மண் மூடிவிடும். சுரங்க மாவட்டங்களில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகளுக்குக் குடிநீரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் முன்னுரிமைத் துறைகள். நீண்டகாலக் கண்காணிப்புக்கு இந்நிதி இயல்பான வாய்ப்பாகும். ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் உள்ளது. சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் அப்பெட்டியுடன் ஒரு மின்கடத்துத்திறன் அளவியும் சேர்க்கப்பட்டால், முதல் மழை நாளில் ஆய்வகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அளித்து, அதைத் தம் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். தம் ஊரை ஒட்டிய சுரங்கத்தின் அறிக்கையைத் திறந்து பார்ப்பவர் முதலில் தேட வேண்டியவை சிலவே: மாதிரி எடுக்கப்பட்ட தேதி, மேல்நிலைக் கிணறு ஒன்றேனும் பட்டியலில் உள்ளதா, சல்ஃபேட் அளக்கப்பட்டதா, ஓட்ட அளவுக்கென ஒரு பத்தி இருக்கிறதா என்பன.